வேலையை விடாமல் மேற்படிப்பு: சுகாதார நிலையச் செவிலியர் ஒருவருக்குப் பதில்

கடிதம் எழுதியவர் 39 வயதுச் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, கடந்த எட்டு ஆண்டுகளாக அதே மருத்துவமனை நடத்தும் கிளைச் சுகாதார நிலையம் ஒன்றில் பணியாற்றுகிறார். தடுப்பூசி, கர்ப்பிணிகள் பரிசோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வீடுகளுக்குச் சென்று பார்ப்பது என்று நாள் முழுவதும் வேலை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். கணவருக்கும் ஷிப்ட் வேலை. மேற்படிப்பு ஆசை பல ஆண்டுகளாக இருக்கிறது. இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் முழு நேரமாகப் பொது சுகாதார முதுநிலைப் பட்டம் படிப்பது முதல் வழி. வேலையில் இருந்தபடியே மூன்று ஆண்டுகள் பகுதி நேரமாக, பெரும்பாலும் இணையவழியில், சமூக மற்றும் ஆரம்ப சுகாதார முதுநிலைப் படிப்பில் சேர்வது இரண்டாவது. தோழிகள் வற்புறுத்தும் தீவிர சிகிச்சைச் சிறப்புப் பட்டயப் படிப்பு மூன்றாவது. அதை முடித்தால் ஊதிய உயர்வு உடனே கிடைக்கும் என்கிறார்கள்.

கட்டணத்தில் பாதியை மருத்துவமனை நிர்வாகம் ஏற்கத் தயார். ஆனால் படிப்பு முடிந்த பின் மூன்று ஆண்டுகள் அங்கேயே பணியாற்றுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலதிகாரி, "சேர்ந்துவிடுங்கள், நேரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்துக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. "புள்ளியியல் என்றாலே எனக்குப் பயம். இந்த வயதில் தேறுவேனா? இணையவழி என்பதால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன், சரிதானா? பட்டம் வாங்கினால் நானே தனியாக மருந்து எழுதலாமா? சமூக சுகாதாரம் படித்தால் மற்றவர்கள் மட்டமாக நினைப்பார்களோ?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் முடிவில் பின்குறிப்பு போலச் சில வரிகள்: "எங்களிடம் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவது மாதத்தோடு நின்றுவிடுகிறார்கள். பதிவேட்டைப் புரட்டியபோது கவனித்தேன். அது சின்ன விஷயம். ஆய்வுக்கு வேறு ஏதாவது பெரிய தலைப்பு சொல்லுங்கள். தேவைப்பட்டால் பதிவேட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நீங்கள் சின்ன விஷயம் என்று ஒதுக்கிய அந்தக் கடைசி வரிகளில்தான் என் கண் நின்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நீண்ட கால நோய்களுக்கான சிகிச்சையை வசதியான நாடுகளில்கூட ஏறத்தாழ பாதிப் பேர்தான் முறையாகத் தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் அறிக்கை வெளியிட்டது. வசதி குறைந்த நாடுகளில் நிலைமை இதைவிட மோசம். 2021இல் வெளியான உலகளாவிய கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரையிலானவர்களில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது. உலகம் முழுவதும் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினையை நீங்கள் உங்கள் மேசையில் இருந்த பதிவேட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறீர்கள். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல். அதனால் என் பதிலின் பெரும்பகுதி அந்தக் கண்டுபிடிப்பை ஒட்டியே போகும். எந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

மட்டமா?

முதலில் இந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் உழைத்தவர் நீங்கள். அங்கே செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் பலன் கண்ணெதிரே தெரியும். சுகாதார நிலையத்தில் அப்படி இல்லை. ஒருவருக்கு வராமல் போன பக்கவாதத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்காக யாரும் கைகுலுக்குவதும் இல்லை. அதனால்தான் இந்த வேலை எளிதானது என்ற எண்ணம் மருத்துவமனைக்குள்ளேயே பரவியிருக்கிறது.

கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர் 1961இல் தன் சகாக்களுடன் ஒரு கணக்கை வெளியிட்டார். பெரியவர்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறைவு வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் மருத்துவ, செவிலியர் கல்வியின் பெரும்பகுதி அந்த 9 பேரையும் ஒருவரையும் சுற்றியே நடக்கிறது. மீதிப் பேரோடு வேலை செய்யும் உங்களுக்கு, அந்த வேலைக்கென்று முறையான பயிற்சி கிடைத்ததே இல்லை. நீங்கள் படிக்க வேண்டும் என்பதற்கு நான் காணும் முதல் காரணம் இது.

இந்தத் துறையின் அறிவுப் பாரம்பரியம் சிறியதும் இல்லை. 1940இல் தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு சுகாதார நிலையத்தைத் தொடங்கினார்கள். வருகிற நோயாளிக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல், சுற்றியுள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, யாருக்கு என்ன நோய், ஏன் வருகிறது என்று வரைபடமாக்கி, அதற்கேற்ப வேலையைத் திட்டமிட்டார்கள். வேல்ஸ் நாட்டின் சுரங்கக் கிராமம் ஒன்றில் பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட், தன் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் ஏறத்தாழ அனைவருக்கும் ரத்த அழுத்தம் அளந்து பதிவு செய்தார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியது இன்றும் இந்தத் துறை மாணவர்களின் முதல் பாடங்களில் ஒன்று. 1978இல் அன்றைய சோவியத் கசகஸ்தானின் அல்மா அட்டா நகரில் 134 நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனம், மக்கள் வாழும், வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் சுகாதார சேவை இருக்க வேண்டும் என்றது. உணவு, குடிநீர், தாய்சேய் நலம், தடுப்பூசி, அத்தியாவசிய மருந்துகள் எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. நீங்கள் தினமும் செய்யும் வேலையின் பட்டியலும் கிட்டத்தட்ட அதுதானே?

தோழிகள் என்ன நினைப்பார்கள் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அவர்களுடைய ஆலோசனையை நான் தள்ளிவிடவும் மாட்டேன். குடும்பத்தில் பண நெருக்கடி இருந்து, அடுத்த ஆண்டே கூடுதல் வருமானம் தேவை என்றால், தீவிர சிகிச்சைப் பட்டயம் நேர்மையான, நல்ல தேர்வு. அப்படித் தேர்ந்தெடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: அந்த ஊதிய உயர்வு எழுத்தில் உள்ள விதியா, அல்லது ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து எல்லோரும் சொல்வதா? பணியாளர் பிரிவில் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பட்டம், பதிவு, பதவி

"பட்டம் வாங்கினால் நானே தனியாக மருந்து எழுதலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இது. பல்கலைக்கழகம் தருவது பட்டம். நோயாளிக்கு நீங்கள் என்னென்ன செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது உங்களைப் பதிவுசெய்துள்ள செவிலியர் கவுன்சிலும் நாட்டின் சட்டமும். எந்தப் பதவியில் என்ன சம்பளத்துக்கு அமர்வீர்கள் என்பதைத் தீர்மானிப்பது வேலை கொடுப்பவர். மூன்றும் தனித்தனி அதிகாரங்கள். ஒன்றைக் கையில் வைத்திருப்பதால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடாது.

சில நாடுகளில் செவிலியர்கள் மருந்து எழுதலாம். அதற்குத் தனிப் பயிற்சியும் தனிப் பதிவும் வேண்டும். சில நாடுகளில் சட்டமே அதற்கு இடம் தருவதில்லை. நீங்கள் குறிப்பிட்டுள்ள இரண்டு முதுநிலைப் படிப்புகளும் பெரும்பாலும் கல்விசார் பட்டங்கள்; சிகிச்சை செய்யும் உரிமத்தை விரிவாக்குபவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உண்மையான ஆசை தனியாக நோயாளிகளைப் பார்த்துச் சிகிச்சை தருவதுதான் என்றால், கவுன்சில் அங்கீகரித்த மேம்பட்ட செவிலியர் பயிற்சி எதுவும் இருக்கிறதா என்று தேட வேண்டும். அது வேறு பாதை. விளம்பரத்தில் அங்கீகாரம் பெற்றது என்று அச்சிட்டிருந்தால் யார் அங்கீகரித்தது, எதற்காக என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்கு உயர்கல்வி அமைப்பு தரும் அங்கீகாரமும், அந்தப் படிப்பைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அங்கீகாரமும் ஒன்றல்ல. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் நாட்டில் அதற்கு இணைத் தகுதி தருவார்களா என்பதையும் சேருமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், வந்த பதில் எதுவானாலும் கட்டிய பணம் போனதுதான்.

இரண்டு முதுநிலைப் படிப்புகளில் எது?

பொது சுகாதாரப் பட்டம் பெரும்பாலும் மொத்த மக்கள்தொகையைப் பார்க்கப் பழக்கும். நோய்ப்பரவலியல் (எந்த நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் துறை), கொள்கை, சுகாதாரப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் என்று அதன் வட்டம் பெரியது. படித்தவர்கள் பலர் திட்ட அலுவலகங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் போகிறார்கள். சமூக மற்றும் ஆரம்ப சுகாதாரப் படிப்பு, நோயாளியும் அவர் குடும்பமும் அவர் தெருவும் சந்திக்கும் இடத்தில் நின்று பார்க்கும். பார்பரா ஸ்டார்ஃபீல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ஆரம்ப சுகாதாரத்தின் இயல்புகளாக நான்கைச் சொன்னார்: முதலில் நாடிவரும் இடமாக இருப்பது, ஆண்டுக்கணக்கில் உறவு தொடர்வது, பெரும்பாலான தேவைகளை அங்கேயே கவனிப்பது, மற்ற சேவைகளோடு ஒருங்கிணைப்பது. நல்ல பாடத்திட்டத்தில் இந்த நான்கும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டாலே எவ்வளவு கனமானது பாருங்கள். ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதற்கும் இறப்பு விகிதத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த 22 ஆய்வுகளை 2018இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். 18 ஆய்வுகளில், தொடர்ச்சி கூடிய இடத்தில் இறப்பு குறைந்திருந்தது. அவை எதுவும் ஆட்களைப் பிரித்துச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அல்ல; நடப்பதைக் கவனித்துப் பதிவு செய்தவை. அதனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடிக்கக் கற்றுத் தருவதுதான் முதுநிலைக் கல்வி.

மூன்றாவது மாதத்தில் நின்றுபோகிறவர்களை நினைத்துக் கவலைப்படும் நீங்கள் இரண்டாவது படிப்புக்குப் பிறந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பகுதி நேரமாக அதைப் படிப்பதில் வேறு பலனும் உண்டு. செவ்வாயன்று வகுப்பில் படித்ததைப் புதனன்று சுகாதார நிலையத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு ஆண்டுகள் வேலையிலிருந்து விலகினால் வருமானம் போவதோடு, படித்ததை உடனே வேலையில் உரசிப் பார்க்கும் இந்த வாய்ப்பும் போய்விடும். விடுப்பு முடிந்து திரும்பும்போது அதே இடம் கிடைக்குமா, பணிமூப்பு தொடருமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றி எதுவும் இல்லை.

ஒரு நிபந்தனை. படிப்பு படிப்படியாக இருக்க வேண்டும். முதல் கட்டத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், அடுத்ததோடு நிறுத்தினால் முதுநிலைப் பட்டயம், ஆய்வேடும் முடித்தால் முதுநிலைப் பட்டம் என்று பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் வாழ்க்கை நிலையில் இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்து இரண்டாம் ஆண்டு முடிவில் நிறுத்த நேர்ந்தாலும், கையில் ஒரு தகுதி மிஞ்சும்.

இணையவழி என்றால் எளிதா?

இல்லை. பயண நேரம் மிச்சம், அவ்வளவுதான். பகுதி நேர முதுநிலைப் படிப்பு வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கும். கட்டுரை சமர்ப்பிக்கும் வாரங்களில் இன்னும் கூடும். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே கணக்குப் போட வேண்டும். தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரவுப் பணி முடித்து, விடிய விடியக் கட்டுரை எழுதிவிட்டு, மறுநாள் இன்சுலின் அளவு பார்க்கும் செவிலியரை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. உங்கள் களைப்புக்கு விலை கொடுப்பது நோயாளியாகவும் இருக்கலாம்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தப் படிப்புகள் பணியில் இருப்பவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. வகுப்பில் உங்களைவிட மூத்தவர்களும் இருப்பார்கள். மருத்துவர், மருந்தாளுநர், உடலியக்க சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் சேர்ந்து படிக்கும் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே நோயாளியை நான்கு பேர் நான்கு விதமாகப் பார்ப்பதை அங்கேதான் கேட்க முடியும்.

பாடத்திட்டத்தை வாசிப்பதோடு நிற்காமல், இப்போது அங்கே படிக்கும் ஒருவரோடும் இடையில் விட்டுப்போன ஒருவரோடும் பேச முயலுங்கள். வழிகாட்டிகள் எத்தனை நாளில் பதில் தருகிறார்கள், களப்பணியை உங்கள் பணியிடத்திலேயே செய்ய அனுமதி உண்டா, ஒரு பருவம் நிறுத்தி வைத்துத் திரும்பச் சேர முடியுமா, ஆய்விதழ்களை வீட்டிலிருந்து இலவசமாக வாசிக்கப் பல்கலைக்கழக நூலகம் வழி செய்கிறதா? ஒருவர் படிப்பை முடிப்பாரா மாட்டாரா என்பதில் இந்த நான்குக்கும் பெரிய பங்கு உண்டு.

புள்ளியியல் பயமும் உங்கள் பதிவேடும்

நீங்கள் அஞ்சுகிற அளவுக்குக் கணிதம் தேவைப்படாது. கணக்கைப் போட மென்பொருள் இருக்கிறது. எதை எதனால் வகுப்பது என்று தீர்மானிக்கும் தெளிவைத்தான் நீங்கள் கொண்டுவர வேண்டும். உங்கள் பதிவேட்டையே எடுத்துக்கொள்வோம். பாதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்கிறீர்கள். யாரில் பாதி? முதல் முறை வந்த எல்லோரிலுமா, உயர் ரத்த அழுத்தம் என்று உறுதியானவர்களில் மட்டுமா? ஊர் மாறிப் போனவர்கள், இறந்தவர்கள், வேறு மருத்துவரிடம் மருந்து வாங்குகிறவர்கள் எல்லோரும் உங்கள் பதிவேட்டில் ஒரே மாதிரியான வெற்றுக் கட்டங்களாகத்தான் தெரிவார்கள். மூன்றாவது மாதம் வராமல் ஐந்தாவது மாதம் வந்தவரை நின்றவர் என்று எண்ணுவதா, வேண்டாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கினாலே நோய்ப்பரவலியலின் முதல் பாடத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

அடுத்தது, ஏன் நிற்கிறார்கள் என்பது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை. பிறகு மாத்திரை எதற்கு என்று நினைப்பது இயல்பு. சிலருக்குப் பக்கவிளைவு. சிலருக்கு உங்கள் நிலையம் திறந்திருக்கும் நேரமும் அவர்களுடைய வேலை நேரமும் ஒன்று; மருந்து வாங்க வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஒவ்வொரு மாதமும் வரச் சொல்வதே சிலருக்குத் தடையாக இருக்கலாம். நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க உங்கள் நிலைய விதிகள் இடம் தருமா? இவற்றில் எது உங்கள் மக்களுக்குப் பொருந்தும் என்பதை எண்கள் சொல்லாது. உட்கார்ந்து பேசிக் கேட்க வேண்டும். அதற்கான முறையையும் இந்தப் படிப்பில் கற்றுத் தருவார்கள். மருத்துவச் சேவையின் தரத்தை ஆராய்ந்த அவெடிஸ் டொனபெடியன் 1966இல் வகுத்தபடி, சேவையின் அமைப்பு (இடம், ஆட்கள், வசதிகள்), செயல்முறை (வேலை நடக்கும் விதம்), விளைவு (நோயாளிக்குக் கிடைத்த பலன்) என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், தவறு நோயாளியின் அலட்சியத்தில்தான் இருக்கிறது என்ற அவசரத் தீர்ப்பிலிருந்தும் தப்பலாம்.

எனவே வேறு பெரிய தலைப்பு தேட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த இடம், கைக்கு எட்டும் மக்கள், முடிவு தெரிந்தவுடன் மாற்றக்கூடிய நடைமுறை எல்லாம் இதில் இருக்கின்றன. பெரிய தலைப்பை எடுத்துக்கொண்டு ஆய்வேட்டு நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிப்போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டைப் படம் எடுக்காதீர்கள்

இதை அழுத்தமாகவே சொல்கிறேன். பதிவேட்டில் எழுதியது உங்கள் கையெழுத்தாக இருக்கலாம். ஆனால் நோயாளிகள் அந்த விவரங்களைத் தங்கள் சிகிச்சைக்காகத்தான் தந்தார்கள். சொந்தக் கைபேசிக்கு அவை மாறிய கணமே ரகசியம் காக்கும் கடமையை மீறியதாகிவிடும். வேலையும் கவுன்சில் பதிவும்கூட ஆபத்தில் சிக்கலாம். உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பாதுகாப்பாகாது.

சரியான வழி நீளமானது, ஆனால் கடினமானது அல்ல. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான அடிப்படை நெறிகளை உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வகுத்தது. அடையாளம் காணக்கூடிய தரவுகளைப் பயன்படுத்தும் ஆய்வுகளும் இன்று அதற்குள் வருகின்றன. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் மருத்துவமனையிலும் தனி ஒப்புதல் தேவைப்படலாம். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, அதற்குப் பொறுப்பானவர் மூலம் தரவு உங்கள் கைக்கு வர வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால், ஆய்வேட்டு ஆண்டு தொடங்குவதற்கு முன்பே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

நோயாளிகளைப் பேட்டி காணும்போது இன்னொரு சிக்கல் வரும். மருந்து தருகிற கை உங்களுடையது. "ஆய்வில் கலந்துகொள்கிறீர்களா?" என்று நீங்களே கேட்டால், மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஏன் மருந்தை நிறுத்தினேன் என்ற உண்மையை உங்கள் முகத்துக்கு நேரே எத்தனை பேர் சொல்வார்கள்? சம்மதம் கேட்கும் பொறுப்பையும், முடிந்தால் பேட்டியையும் நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் விடுவது நல்லது. உங்கள் வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே இதைப் பேசுங்கள்.

பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

மூன்று ஆண்டுப் பத்திரம் என்பதைக் கேட்டவுடன் பயப்பட வேண்டியதில்லை. அங்கேயே தொடர விரும்புகிறவருக்கு அது நல்ல உதவியும்கூட. ஆனால் வாசகங்களைப் பார்க்க வேண்டும். படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? ஓராண்டு பணியாற்றிய பின் விலகினால், அந்த அளவுக்குத் தொகை குறையுமா, முழுவதையும் கேட்பார்களா? நிர்வாகமே உங்களை வேறு பிரிவுக்கு மாற்றினால் அல்லது நிலையத்தை மூடினால் என்ன ஆகும்? மூன்று ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படும், கடைசித் தேர்வு நாளிலிருந்தா, பட்டம் கையில் கிடைத்த நாளிலிருந்தா? உடல்நலக் குறைவு, மகப்பேறு, குடும்பத்தில் மரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டா? உங்கள் அசல் சான்றிதழ்களை அவர்கள் வைத்துக்கொள்ளும் நிபந்தனை இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ சங்கத்திடமோ ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பத்திரத்தைவிட எனக்குக் கவலை தருவது மேலதிகாரியின் வாய்மொழி வாக்குறுதி. அவர் மனதாரத்தான் சொல்லியிருப்பார். நாளை அவர் மாறிப் போனால், புதிதாக வருகிறவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. நிர்வாகம் தன் பக்கத்து உறுதியை, அதாவது உங்கள் மூன்று ஆண்டை, பத்திரத்தில் எழுதி வாங்குகிறது. உங்கள் பக்கத்துத் தேவையும் அதே தாளில் இருக்க வேண்டும்: வாரத்தில் எந்த அரை நாள் படிப்புக்கு, தேர்வு வாரங்களில் இரவுப் பணி உண்டா, களப்பணி பணி நேரமாகக் கணக்கிடப்படுமா, அந்த நேரத்தில் உங்கள் இடத்தில் யார் இருப்பார். உங்களுக்கு நேரம் தருவதாகச் சொல்லிவிட்டு அந்தச் சுமை சக செவிலியர் தலையில் விழுந்தால், ஆறே மாதத்தில் நிலையத்தில் உறவுகள் கசந்துவிடும். இதைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். ரத்த அழுத்த நோயாளிகள் நின்றுபோவது நிர்வாகத்துக்கும் பிரச்சினைதான். அதைத் தீர்க்க ஓர் ஆளை அவர்கள் பாதிக் கட்டணத்தில் பெறுகிறார்கள்.

வீட்டிலும் இதே பேச்சு தேவை. கணவருக்கும் ஷிப்ட் என்கிறீர்கள். எந்த மாலைகள் உங்களுடையவை என்பதை இருவரும் பணி அட்டவணையை எதிரில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

இந்த ஆறு வாரங்களில்

முதல் வாரத்திலேயே கவுன்சிலுக்கும் பணியாளர் பிரிவுக்கும் எழுதி, இந்தப் படிப்பை எதற்கு ஏற்பார்கள் என்று கேளுங்கள். பதில் வர நாளாகும். அந்த இடைவெளியில் இப்போதைய மாணவர்களோடு பேசுங்கள். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் சிறுவயது முதலே சேவை மனப்பான்மை என்று தொடங்க வேண்டாம். அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள். எட்டு ஆண்டு அனுபவத்தில் மூன்றாவது மாதத்தில் நோயாளிகள் நின்றுபோவதைக் கவனித்தேன், காரணம் தெரியவில்லை, அதைக் கண்டறியும் முறையைக் கற்க வருகிறேன் என்று எழுதுங்கள். நோயாளிகளின் விவரம் எதுவும் அதில் வேண்டாம். முன்பு படித்த குறுகிய காலப் பயிற்சிகளின் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்புங்கள். முந்தைய கற்றலைக் கணக்கில் எடுத்துச் சில பாடங்களுக்கு விலக்குத் தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

ஐந்தாவது வாரத்துக்குள் படிப்பு நேரம் பற்றிய உறுதி எழுத்தில் வரவில்லை என்றால், இந்த முறை விண்ணப்பிக்காமல் அடுத்த சேர்க்கை வரை பொறுத்திருப்பதே என் பரிந்துரை. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வராமல் நின்றவர்களைக் கணக்கிட்டு, தொலைபேசியிலோ வீட்டுக்குச் சென்றோ மீண்டும் அழைப்பது உங்கள் நிலையத்தின் அன்றாட சேவைக்குள் வரும் வேலை. நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் பேசி, நிர்வாகத்தின் அனுமதியோடு, பதிவேடு நிலையத்தை விட்டு வெளியே போகாமல், அடுத்த மாதமே அதைத் தொடங்கலாம்.